இரும்புக்கு இரண்டு நாள் எம்சி

வெதரிங் ஸ்டீல் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "மிஸ், இருக்கிறதுலயே எது பெஸ்ட் கிரேடு?" நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம்கூட உங்களில் ஒருவர் கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்தபோது டெலிபோன் மணி அடித்துவிட்டது. பாதியில் நின்ற அந்தப் பதிலை இங்கே முழுவதுமாக எழுதி வைக்கிறேன். கேட்டவர் யார் என்பது அவருக்குத் தெரியும்.

அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். சாதாரண இரும்புக்குப் பெயிண்ட் அடிக்காவிட்டால் துரு அதை உரித்து உரித்துத் தின்னும். வெதரிங் ஸ்டீலில் கொஞ்சம் செம்பு, குரோமியம் போன்றவை கலந்திருப்பதால் அதன் முதல் துருவே கெட்டியாகப் படிந்து, உள்ளே இருக்கும் இரும்புக்குத் தோலாகிவிடும். பெயிண்ட் தேவையில்லை. எங்கள் பட்டறையில் மலாய்க்காரர்களும் சீனர்களும் அதை 'பெசி காராட்' என்றே அழைத்தார்கள், துருப்பிடித்த இரும்பு என்று. காசு கொடுத்துத் துருப்பிடித்த இரும்பை வாங்குகிறார்களே என்று முதல் லோரி வந்து இறங்கிய அன்று சிரிக்காதவர் இல்லை.

அதில் பல ரகங்கள். கூரைக்கும் சுவருக்கும் போடும் மெல்லிய தகட்டில் பாஸ்பரஸ் கூடுதலாக இருக்கும். மழையைத் தாங்குவதில் அதற்கு நிகரில்லை; ஆனால் கனமாகச் செய்து வெல்டு போட்டால் முறியும். பாலத்துக்கு வருவது ஜப்பான் தகடுகள். அவற்றை நாங்கள் இழுவலிமை எண்ணைச் சொல்லி 'ஐம்பது', 'ஐம்பத்தெட்டு' என்று அழைத்தோம். ஐம்பது என்பது வழக்கமான ரகம். ஐம்பத்தெட்டு உயர் வலிமை ரகம். ஆலையிலேயே சூடாக்கி, நீரில் குளிர்வித்து, மறுபடி பதமாகச் சூடாக்கி எடுத்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஒரு மழைக்காலம் வெளியே கிடந்தால் இரண்டும் ஒரே செம்பழுப்பு.

ஐம்பத்தெட்டு என்றால் ஐம்பதைவிட எல்லா விதத்திலும் உசத்தி என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். துறைமுகத்தில் கடலுக்கு நேரே நின்ற ஒரு தாங்குதூணை நான் பார்த்திருக்கிறேன். பெயிண்ட் இல்லாத உயர் வலிமை ரகம். உப்புக் காற்றில் அது ரொட்டி சனாய் பரோட்டாவின் ஏடு போல அடுக்கடுக்காகக் கழன்றுகொண்டிருந்தது. கடலுக்கு ஐம்பதும் தெரியாது, ஐம்பத்தெட்டும் தெரியாது. வளைந்து கொடுப்பதிலும் அப்படித்தான். பாரம் ஏற்றினால் இரண்டும் ஒரே அளவுதான் வளையும். வலிமை கூடியது என்று தகட்டை மெலிதாக்கினால் பாலம் விழாது, ஆனால் நடப்பவர் காலின் கீழே ஊஞ்சலாடும்.

இவையெல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன. புத்தகத்தில் இல்லாத ஒன்றை நான் கற்றது எண்பதுகளின் நடுவில், கோலாலம்பூருக்கு வெளியே மேரு என்ற ஊரில் நான் தரப் பரிசோதகராக இருந்த பட்டறையில்.

அது மந்தமான காலம். கோலாலம்பூரில் பாதி எழும்பிய கட்டடங்கள் அப்படியே நின்றன. எங்கள் பட்டறையின் இரண்டு ஷெட்டுகளில் ஒன்றை மூடி, அதிலிருந்த ஆட்களை வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. மிஞ்சிய ஷெட்டில் எட்டு வெல்டர்கள். அவர்களுக்கு போர்மேன் சன்னாசி, காப்பார் என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன்; அவர் எல்லோரையும் போல என்னை மிஸ் என்பார். அப்போது எங்களுக்குக் கிடைத்த ஒரே வேலை பங்சார் பக்கத்தில் ஒரு பெரிய சாலைக்கு மேலே போகும் நடைபாலம். ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் பள்ளிக்கூடம். பெயிண்ட் அடிக்கும் செலவு பிற்பாடு வரக்கூடாது என்று வெதரிங் ஸ்டீல் கேட்டிருந்தார்கள். இதை நேரத்துக்கு முடித்துக்கொடுத்தால் வேலையைக் கொடுத்த கட்டுமானக் குத்தகைக்காரரே இன்னும் இரண்டு நடைபாலங்களை எங்களுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். முடிக்காவிட்டால் இந்த ஷெட்டும் மூடப்படும். இது ரகசியமில்லை, டீக்கடையில் பேசப்பட்ட விஷயம்.

வடிவமைப்பில் இருந்தது ஐம்பது. அந்தத் தகடு கப்பலில் தாமதமானது. முன்பு ஒரு வேலைக்கு வாங்கி மீந்துபோன ஐம்பத்தெட்டுத் தகடுகள், அதே கனத்தில், யார்டில் கிடந்தன. வொர்க்ஸ் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவர் சிலோன்காரக் குடும்பம். அலுவலகத்தில் ஆங்கிலம், என்னிடம் மட்டும் யாழ்ப்பாணத் தமிழ்.

"என்ன பிள்ளை, அம்பது கேட்டவைக்கு அம்பத்தெட்டு குடுக்கப்போறம். கூடின சாமான். ஆரும் கோவிப்பினமோ?"

"அவங்க கோவிக்க மாட்டாங்க சார். ஐம்பத்தெட்டை ஐம்பது மாதிரி நெனச்சு வெல்டு பண்ணா அது கோவிச்சுக்கும்."

அவர் சிரித்தார். "அப்ப ரெண்டையும் பக்கத்தில வைச்சு ஒப்பிட்டு எழுதித் தாரும். ஒரு பக்கம்தான். ரெண்டாம் பக்கத்தை நான் வாசிக்கமாட்டன்."

ஒரு பக்கம் எழுதினேன். துரு, வளைவு இரண்டிலும் வித்தியாசமில்லை. வலிமையில் தேவைக்கு மேல் கையிருப்பு கிடைக்கும். ஆனால் நான்கு நிபந்தனைகள். வெல்டு போடும் இடத்தை முன்கூட்டியே சூடாக்க வேண்டும். வெல்டிங் குச்சிகளை அடுப்பில் உலர்த்தி, சூட்டோடு எடுத்துப் பயன்படுத்த வேண்டும். வளைந்த இடத்தைக் கேஸ் நெருப்பால் செக்கச் செவேலென்று காய்ச்சி நிமிர்த்தும் எங்கள் பட்டறைப் பழக்கம் இதில் கூடாது. ஆலை கொடுத்த பதம் போய்விடும். கடைசியாக, வெல்டு முடிந்து இரண்டு நாள் காத்திருந்து மறுபடி சோதித்த பிறகே பாலம் வெளியே போகலாம். மேனேஜர் படித்துக் கையெழுத்துப் போட்டார். ஆலோசகப் பொறியாளரும் மாற்றத்துக்குச் சம்மதித்தார்.

இரண்டு நாள் எதற்கு என்று உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். குச்சியிலோ தகட்டிலோ இருக்கும் ஈரம் வெல்டு நெருப்பில் பிரிந்து, ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்துவிடும். ஐம்பது ரகம் பெரும்பாலும் அதைப் பொறுத்துக்கொள்ளும். ஐம்பத்தெட்டில் வெல்டு ஓரம் இறுகிப்போயிருந்தால் பொறுக்காது. அன்றைக்குச் சோதித்தால் சுத்தமாக இருக்கும். ஒரு நாளோ ஒன்றரை நாளோ கழித்து, யாரும் தொடாமலே, தானாக விரிசல் விடும்.

இதை நான் ஷெட்டில் விளக்கியபோது வெல்டர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். நான் திரும்பியதும் ஒருவன் சொன்னது காதில் விழுந்தது. "மழைல நனைஞ்ச எனக்கு ஒரு நாள் எம்சி குடுக்க டாக்டர் யோசிக்கிறான். மிஸ் இரும்புக்கு ரெண்டு நாள் எம்சி குடுத்துட்டாங்க லா."

எம்சி என்றால் இங்கே மருத்துவ விடுப்பு. அன்றிலிருந்து அந்தக் காத்திருப்புக்கு அதுதான் பெயர். நானும் ஏற்றுக்கொண்டேன், நல்ல பெயர்தான்.

வேலை நன்றாக நடந்தது. இதை நான் பெருமையோடு சொல்கிறேன். சன்னாசி ஒரு வெல்டைக்கூடக் குளிர்ந்த தகட்டில் போட விடவில்லை. சூடு பார்க்கும் சாக்பீஸ் போன்ற குச்சியைக் காதில் செருகிக்கொண்டு திரிந்தார். தகட்டில் கோடு கிழித்து, அது உருகினால்தான் அடுத்த வேலை. கடைசி வெல்டு வியாழக்கிழமை காலையில் முடிந்தது. மாலையில் அல்ட்ராசவுண்ட் கருவி வைத்துப் பார்த்தோம். எல்லாம் சுத்தம். ஆலோசகரும் உடனிருந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஞாயிறு விடியற்காலை சாலையை மூடப் போலீஸ் அனுமதி கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, பாலத்தை அன்றே லோரியில் ஏற்றி அங்கே கொண்டுபோய் வைத்துவிட வேண்டும் என்றார். என் நிபந்தனைப்படி மறுசோதனை சனிக்கிழமை காலை. சனிக்கிழமை எல்லாம் சரியாக நடந்தால் மாலையில் ஏற்றலாம். ஏதாவது பிசகினால் ஞாயிறு போய்விடும்.

"கன்சல்டன்ட் கையெழுத்துப் போட்டிட்டார். மெஷின் ஒண்டும் இல்லையெண்டு சொல்லுது. இனி உமக்கு என்ன பிரச்சினை?"

"இன்னிக்கு ஒன்னுமில்ல சார். நாளைக்கு இருக்கலாம்."

"இல்லாத வருத்தத்துக்கு எம்சியோ?" அவருக்கும் அந்தப் பெயர் எட்டியிருந்தது.

"நீங்க கையெழுத்துப் போட்ட பக்கத்துல நாலாவது நிபந்தனை சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பிள்ளை, ஞாயிற்றுக்கிழமையை விட்டா அடுத்த தரம் ரோட்டை எப்ப பூட்டுவாங்கள் எண்டு ஆருக்கும் தெரியாது. அவன் மற்ற ரெண்டு பாலத்தையும் வேற ஆளிட்டக் குடுத்திடுவான். பிறகு அந்த எட்டுப் பேருக்கும் ஆர் சொல்லுறது? நான் சொல்லமாட்டன். நீர் போய்ச் சொல்லும்."

"சொல்றேன் சார்," என்றேன். அது தைரியம் அல்ல. நாலாவது நிபந்தனையை எழுதியது நான்தான். கோபத்தில், தான் கையெழுத்துப் போட்ட அந்தக் காகிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டு அவர் எழுந்து போனார். ஆனால் என்னை மீறி ஏற்றச் சொல்லவும் இல்லை. அதற்கான அதிகாரம் அவருக்கு இருந்தது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

மத்தியானம் சன்னாசி என் மேசைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மிஸ், ஒன்னு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நாங்க போட்ட வெல்டு மேல உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?"

"உங்க வெல்டு மேல நம்பிக்கை இருக்குண்ணே. அந்த இரும்பு மேலதான் இல்ல."

"மெஷினே ஓகேன்னு சொல்லிருச்சு. பக்கத்து ஷெட்ட மூடின அன்னிக்கு நீங்களும்தானே பாத்தீங்க? டூல் பாக்ஸத் தூக்கிக்கிட்டு வரிசையா போனாங்களே. மிஸ்ஸுக்கு எங்க போனாலும் வேலை கெடைக்கும். படிச்சவங்க. என் பசங்களுக்கு அப்படியா?"

"நாளைக்குக் காலைல ஒன்னும் இல்லன்னா சாயங்காலமே லோரி ஏத்தலாம்."

"ஒன்னும் இருக்காது மிஸ்," என்றார். பிறகு ஏதோ சொல்ல வந்தவர் போல நின்று, என் மேசை மேலிருந்த, விரிசல் பார்க்க அடிக்கும் வெள்ளைப் பெயிண்ட் டின்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார். கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை மழை தூறிக்கொண்டிருந்தது. வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு வெல்டையும் வரிசையாகப் பார்த்தேன். கருவி வைத்துப் பார்த்த பிறகு, முக்கியமான இடங்களில் வெள்ளை அடித்து, காந்தக் கருவியை வைத்து, கறுப்புத் தூள் கலந்த மையைத் தெளித்தேன். விரிசல் இருந்தால் தூள் அங்கே கோடாகக் கூடும். ஒரு கோடும் இல்லை. கடைசி வெல்டு வரை சுத்தம். வெல்டர்களில் ஒருவன் "எம்சி முடிஞ்சிருச்சு, இரும்பு வேலைக்கு ரெடி" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு நாள் முழுவதும் வீணாயிற்று என்று அவர் முகம் சொன்னது.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் நான் கடைசி முனையில் என் அடையாளத்தை எழுதுவேன். அதன் பிறகு சன்னாசி கற்பூரம் காட்டி, லோரியின் முன் சக்கரத்தடியில் தேங்காய் உடைப்பார். உடைத்த பிறகு யாரும் அந்தப் பொருளைத் தொடமாட்டோம். நான் பெயிண்ட் பேனாவைத் திறந்தேன். சன்னாசி தேங்காயோடு வந்து நின்றார்.

"மிஸ், எழுதாதீங்க."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அடியில காது வெச்சிருந்தேன். ரெண்டு."

காது என்பது துளை போட்ட ஒரு சிறிய இரும்புத் துண்டு. கனமான உத்தரத்தைப் புரட்ட வேண்டியிருக்கும்போது அதை உத்தரத்தில் லேசாக வெல்டு வைத்து ஒட்டி, துளையில் சங்கிலிக் கொக்கியை மாட்டித் தூக்குவார்கள். புரட்டியதும் சுத்தியலால் தட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தைக் கிரைண்டரால் தேய்த்துவிடுவார்கள். அதற்கு மேலே பெயிண்ட் விழுந்தால் காது இருந்த இடமே தெரியாது. எல்லாப் பட்டறையிலும் எல்லா நாளும் நடப்பது. எங்கள் யாருடைய கணக்கிலும் அது வெல்டு இல்லை.

"என்ன காது? ட்ராயிங்கில காது இல்லையே?" என்றார் மேனேஜர்.

"ட்ராயிங்ல என்னிக்கு சார் காது இருந்துச்சு?" என்றார் சன்னாசி. யாரும் சிரிக்கவில்லை. "புதன்கிழமை புரட்டறப்ப கிளாம்ப் வழுக்கிக்கிட்டே இருந்துச்சு. பசங்க கீழ நிக்கறாங்க. பயந்துட்டேன். ரெண்டு காது வெச்சுத் தூக்கினேன். நானேதான் வெச்சேன்."

"சூடு பண்ணீங்களாண்ணே?"

"இல்ல மிஸ். சும்மா ஒரு டச்."

அந்த வார்த்தையை நன்றாகக் கவனியுங்கள். பெரிய வெல்டு தன் சூட்டிலேயே மெதுவாகக் குளிரும். குளிர்ந்த கனமான தகட்டில் வைக்கும் சிறிய டச், ஒரு நொடியில் சூடு உறிஞ்சப்பட்டுக் கண்ணாடி போல இறுகிவிடும். ஐம்பத்தெட்டில் பெரிய வெல்டைவிட ஆபத்தானது சின்ன டச்தான். அதுவும் அவர் வைத்தது உத்தரத்தின் அடித்தகட்டில், நடுவில். பாலத்தில் ஆள் நடக்கும் ஒவ்வொரு முறையும் மிக அதிகமாக இழுபடும் இடம் அது.

அட்டையை விரித்து உத்தரத்தின் அடியில் மல்லாக்கப் படுத்தேன். முதல் இடத்தில் வெள்ளை அடித்து, மை தெளித்தேன். ஒன்றுமில்லை. இரண்டாவது இடத்தில் தூள் மெல்ல நகர்ந்து ஒரு கோடாகக் கூடியது. புருவ மயிர் போல, சற்றே வளைந்த கோடு. துடைத்துவிட்டு மறுபடி செய்தேன். அதே கோடு. "சார், வந்து பாருங்க," என்றேன். மேனேஜர் வெள்ளைச் சட்டையோடு தரையில் படுத்து என் பக்கத்தில் வந்தார். பார்த்தார். எழுந்து போய் ஆலோசகரைக் கூப்பிட டெலிபோனை எடுத்தார்.

சன்னாசி தேங்காயை இன்னும் கையில்தான் வைத்திருந்தார். "கிரைண்ட் பண்ணி விரலால தடவிக்கூட பாத்தேன் மிஸ். வழுவழுன்னு இருந்துச்சு."

"அப்ப விரிசல் இருந்திருக்காதுண்ணே. அப்புறம்தான் வந்திருக்கும்."

ஆலோசகப் பொறியாளர் பூப்பந்து ஆட்டத்தின் நடுவிலிருந்து அரைக்கால் சட்டையோடு வந்து சேர்ந்தார். எங்கள் முன்னால் இருந்த வழிகள் இரண்டு. வெட்டி எடுத்து மறுபடி வெல்டு போட்டால் மறுபடி இரண்டு நாள் எம்சி, ஞாயிறு போனது. வெல்டு போடாமல், விரிசல் முடியும் ஆழம் வரை தேய்த்து எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தை நீளவாக்கில் சரிவாக இழைத்துவிட்டால்? தகடு அங்கே கொஞ்சம் மெலியும். ஆனால் வடிவமைப்பு ஐம்பதுக்குப் போட்டது. கையில் இருப்பது ஐம்பத்தெட்டு. எவ்வளவு ஆழம் வரை போகலாம் என்று அவர் தன் கணக்கைப் போட்டார், நான் என் கணக்கைத் தனியாகப் போட்டேன். இரண்டும் ஒத்துப்போயின. எந்த வலிமையால் விரிசல் வந்ததோ, அதே வலிமை எங்களுக்கு இடமும் கொடுத்தது.

"அந்த ஆழத்துக்குள்ள விரிசல் முடியலன்னா?" என்று பொறியாளர் கேட்டார்.

"பாலம் நாளைக்குப் போகாது," என்றேன். மேனேஜர் என்னைப் பார்த்தார். சரியென்று தலையசைத்தார்.

கிரைண்டரைச் சன்னாசியே எடுத்தார். வேறு யாரையும் விடவில்லை. அவர் ஒரு அட்டையில், நான் ஒரு அட்டையில், பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தோம். அவர் ஒரு தடவை இழைப்பார். நான் மை தெளித்துப் பார்ப்பேன். கோடு குட்டையானது. மறுபடி இழைத்தார், பாதியானது. எட்டு வெல்டர்களும் உத்தரத்தைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். எனக்கு அவர்களுடைய பூட்ஸ்கள் மட்டும் தெரிந்தன. ஒரு கட்டத்தில் கோடு ஒரு புள்ளியானது. அடுத்த தடவை புள்ளியும் இல்லை. ஆழமானியை வைத்தேன். எங்கள் எல்லைக்குள் இருந்தது, கொஞ்சம் மிச்சமும் இருந்தது.

"போச்சா மிஸ்?"

"போச்சுண்ணே. இன்னொரு தடவை லேசா இழைச்சிருங்க. மிச்சம் இருக்கறத வெச்சு ஏமாறக்கூடாது."

அவர் இழைத்தார். மறுபடி பார்த்தேன். வெறும் வெள்ளை.

வெளியே வந்து என் அடையாளத்தை எழுதினேன். சாயங்காலம் மழை விட்டதும் லோரி வந்தது. தேங்காய் ஒரே போடில் இரண்டாக விழுந்தது. ஞாயிறு விடியலில் கிரேன் அந்த உத்தரத்தைத் தூக்கி இரண்டு தூண்களுக்கு நடுவே இறக்கியபோது, கீழே நின்ற எனக்கு அந்தப் பள்ளம் தெரிந்தது. உள்ளங்கை அளவு, புது இரும்பின் வெளிச்சத்தோடு. சில மாதங்களில் அதுவும் மற்ற இடத்தைப் போலவே பழுப்பாகிவிட்டது. இப்போதும் அந்தச் சாலையின் நடுத்திட்டில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியும். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தால்தான் தெரியும். மற்ற இரண்டு பாலங்களும் எங்களுக்கே கிடைத்தன. ஷெட் மூடப்படவில்லை.

திங்கட்கிழமை சன்னாசி தன் டூல் பாக்ஸைத் துடைத்து வைத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தார். நானும் கூடவே போனேன்.

"நீ சொல்லாமல் விட்டிருந்தா உன்னை நான் வேலையால நிப்பாட்டியிருக்கேலாது," என்றார் மேனேஜர். "ஏனெண்டா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. சொன்னதுக்காக உன்னை நிப்பாட்டினா இனி இந்த யார்டில ஒருத்தனும் வாயைத் திறக்கமாட்டான். போய் வேலையைப் பார்." பிறகு என் பக்கம் திரும்பினார். "இனிக் காதையும் ட்ராயிங்கில போடும் பிள்ளை. எல்லாக் காதையும்."

வெளியே வந்ததும் சன்னாசியிடம் கேட்டேன். "வியாழக்கிழமையே நான் கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களாண்ணே?"

அவர் யோசித்தார். "வியாழக்கிழமை அது வெறும் காது மிஸ். எனக்கு ஞாபகமே இல்ல. வெள்ளிக்கிழமை நீங்க முரண்டு பிடிச்சு நின்னப்பதான் உறுத்துச்சு. சொல்லத்தான் வந்தேன். அந்த வெள்ளை டின்னப் பாத்ததும் வாய் வரல."

அன்றுவரை அந்த இரண்டு நாளும் ஹைட்ரஜனுக்காக என்று நினைத்திருந்தேன். மனிதர்களுக்கும் அந்த அவகாசம் தேவைப்படுகிறது. அவர் வெள்ளிக்கிழமை என் மேசை முன்னால் நின்றபோது நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. காகிதமும் பேனாவும் வெள்ளை டின்னுமாக உட்கார்ந்திருந்தேன். அப்படி உட்கார்ந்திருப்பவளிடம் யார் வந்து சொல்வார்கள்?

அதற்குப் பிறகு உயர் வலிமை ரகம் வந்த ஒவ்வொரு வேலையிலும் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். மறுசோதனை நாளன்று, கருவியைத் தொடுவதற்கு முன்னால், குச்சி உலர்த்தும் அடுப்பின் பக்கத்தில் இரண்டு நாற்காலிகள் போடுவேன். ஒன்றில் டீயோடு உட்காருவேன். பேனா கிடையாது, காகிதம் கிடையாது. மற்றது காலியாக இருக்கும். சொல்ல ஏதாவது இருப்பவர் வந்து உட்காரலாம். முதல் இரண்டு வேலைகளில் யாரும் வரவில்லை. மூன்றாவதில் ரஹீம் என்ற வெல்டர் வந்து, "மிஸ், நேத்து ஒரு இடத்துல வெல்டிங் ராட் தெரியாம பட்டுருச்சு," என்றார். போய்ப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஆனால் அதன் பிறகு அந்த நாற்காலி அநேகமாகக் காலியாக இருந்ததில்லை. நான் கண்டுபிடித்த விரிசல்களில் பெரும்பாலானவை கருவியில் தெரிந்தவை அல்ல, அந்த நாற்காலியில் இருந்து சொல்லப்பட்டவை. என் வேலையில் எனக்கு மிகவும் பெருமையான விஷயம் இதுதான், எந்தச் சான்றிதழைவிடவும்.

எனவே, எது நல்ல ரகம் என்று கேட்டவருக்கு: கடல் காற்று இருந்தால் எதுவும் இல்லை. ஆட்டம் கூடாதென்றால் வலிமையை நம்பித் தகட்டைக் குறைக்காதீர்கள். மெல்லிய சுவருக்குப் பாஸ்பரஸ் தகடு. பாலத்துக்கு ஐம்பது போதுமென்றால் ஐம்பதே போடுங்கள். எடை நிஜமாகவே குறைய வேண்டும் என்றால் ஐம்பத்தெட்டு போடலாம், நடந்ததை வந்து சொல்லும் ஆட்கள் உங்கள் ஷெட்டில் இருந்தால்.

சன்னாசி எனக்கு முன்பே ஓய்வு பெற்றார். அவருடைய கடைசி வேலையும் ஐம்பத்தெட்டுதான். மறுசோதனை நாள் காலையில் நான் டீயோடு உட்கார்ந்திருந்தேன். அவர் துவைத்து இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் காத்திருந்தேன்.

"என்னண்ணே? எந்த இடத்துல?" என்று கேட்டேன்.

"ஒன்னும் இல்ல மிஸ்," என்றார். "சொல்றதுக்கு ஒன்னுமே இல்ல. அதையும் இங்க வந்து உட்கார்ந்து சொல்லிட்டுப் போலாம்னுதான்."